குதிர் என்றால் குறைவா?

"கணினிக்குத் தமிழா? கலைச்சொல்லுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள் சில மேதாவிகள். சிரிக்கட்டும்! சிரித்து ஓய்ந்த பிறகு நாம் சொல்வதையும் கேட்கட்டும்.

பெரிய நிறுவனங்கள் தம் கணக்குகளையும் ஆவணங்களையும் காந்த நாடாவில் பதித்து, கையடக்கப் பேழைகளில் அடைத்து வைக்கின்றன. பேழைகளை அடுக்க மாடங்கள்; கேட்ட பேழையை எடுத்துப் படிக்கும் கருவியில் செருக ஓர் எந்திரக் கை. ஆள் தொடாமலே அத்தனையும் நடக்கும்.

இந்த அமைப்புக்கு அமெரிக்கர் இட்ட பெயர் என்ன? 'லைப்ரரி', அதாவது நூலகம்! 1974-இல் ஐ.பி.எம். அறிவித்த 3850 அமைப்பில் பேழைகள் அறுகோண அறைகளில் இருந்தன. அதைத் தேன்கூடு என்றார்கள். 1987-இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம், சுமார் 6,000 பேழைகள் கொள்ளும் பன்னிரண்டு பக்கக் கூண்டைக் கொண்டு வந்தது. அதைச் 'சைலோ' என்றார்கள். சைலோ என்றால் தானியம் கொட்டி வைக்கும் குதிர்! ஒளித்தட்டுகளை மாற்றி மாற்றிப் போடும் பெட்டிக்கோ 'ஜூக்பாக்ஸ்' என்று பெயர். காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டியின் பெயர் அது!

வானத்திலிருந்து இறங்கிய சொற்களா இவை? இல்லை, தோழர்களே! களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் கண்டெடுத்த சொற்கள். அவர்கள் சைலோ என்றால் விஞ்ஞானம். நாம் குதிர் என்றால் பட்டிக்காட்டுத்தனமா? எந்த ஊர் நியாயம் இது?

பெயர் வெறும் அலங்காரமன்று. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால், ஜிமெயில் பயன்படுத்துவோரில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. ஒன்றுக்குப் பல நகல்கள் இருந்தும், அவற்றையும் பிழை தாக்கியது. மீட்டுக் கொடுத்தது எது? இணைப்பின்றித் தனித்திருந்த காந்த நாடா!

உடனே கிடைப்பதை 'ஆன்லைன்' என்றும், எந்திரக் கை எடுத்துத் தருவதை 'நியர்லைன்' என்றும், இணைப்பை விட்டு விலக்கி வைத்ததை 'ஆஃப்லைன்' என்றும் பிரிக்கிறார்கள். நாம் கையிருப்பு, அருகிருப்பு, தனியிருப்பு என்போம். மாடத்தில் இருக்கும் பேழையை, தீயவன் அனுப்பும் கட்டளையும் எடுத்து அழிக்கக்கூடும். கழற்றி அலமாரியில் பூட்டிய பேழையை எந்தக் கட்டளையும் தொடாது. இரவுப் பணியில் நிற்கும் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு சொல்லைக் கேட்டவுடனே விளங்க வேண்டாமா? விளங்காத சொல்லால் வரும் இழப்புக்குப் பழி யார் தலையில் விழும்? சொல்லை இறக்குமதி செய்தவர் தலையிலா? இல்லை, அந்தத் தொழிலாளியின் தலையில்தான்!

அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தபோதும் சிரித்தார்கள். இன்று அவர்கள் வீட்டு அழைப்பிதழிலும் தலைவர்தான்! எனவே தயங்காதீர், தோழர்களே! பட்டறையில், அலுவலகத்தில், சங்கக் கூட்டத்தில் இச்சொற்களைச் சொல்லிப் பழகுவோம். இவற்றினும் சிறந்த சொல் உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், மகிழ்வோடு ஏற்போம். நாவில் ஏறிய சொல் நாட்டில் ஏறும்!