கண்தான் முக்கியம் என்பவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு கவிதைக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேமரா விலையைப் பற்றிப் புலம்பினேன். ஒரு கவிஞர் சொன்னார்: ‘கருவியில் என்ன இருக்கிறது? கண்தான் முக்கியம்.’ சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டிவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாக்கியத்தை எழுத்தாளர்களிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பத்து ரூபாய்ப் பேனா போதும். பேனா மலிவானது என்பதால் யாருடைய படிமமும் மங்கிப்போவதில்லை. தன் கலைக்கு வாய்த்த சௌகரியத்தை மற்ற கலைகளுக்கும் விதியாக்குவது விமர்சனம் ஆகாது. அறியாமை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உதாரணத்துக்கு எப்போதும் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வந்துவிடுவார். ஒரு லைக்கா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், அவ்வளவுதான் என்பார்கள். 1948-ல் காந்தியின் இறுதிச் சடங்கை அவர் லைக்காவில்தான் எடுத்தார். உண்மைதான். ஆனால் லைக்கா எந்தக் காலத்திலும் ஏழையின் கேமராவாக இருந்ததில்லை. அவர் பிறந்ததும் பிரான்ஸில் நூல் ஆலை நடத்திய செல்வந்தக் குடும்பத்தில். அந்த எளிமை அவர் விரும்பி எடுத்துக்கொண்டது. வேறு லென்ஸ் வாங்க வழியில்லாமல் நிற்பவனிடம் போய் அதை உபதேசிப்பது அபத்தம்.

நான் அம்பத்தூரில் இருக்கிறேன். ஆவடி, பூந்தமல்லி மண்டபங்களில் கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறேன். முகூர்த்தம் பெரும்பாலும் விடியுமுன். மேடையில் வீடியோக்காரரின் விளக்கு ஒரு நிறம், அலங்கார விளக்கு இன்னொரு நிறம், நடுவே ஹோமப் புகை. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றாமல் படம் விழாது. ஏற்றினால் மலிவான கேமராவில் பெண்ணின் முகமெல்லாம் புள்ளி. தாலி கட்டுவதை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாது. கார்டு கெட்டுப்போனால் கல்யாணமே போயிற்று. ஆகவே இரண்டு கார்டில் ஒரே சமயம் பதியும் கேமரா வேண்டும். இவை என் ரசனை சார்ந்த ஆசைகள் அல்ல. மறுநாள் பெண் வீட்டார் முகத்தில் விழிப்பதற்கு வேண்டியவை. ‘போன் போதாதா’ என்பவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனை நம்புவார்களா?

விலையைப் பாருங்கள். நடுத்தரத் தொழிலாளிக்கு என்று சொல்லப்படும் சோனி ஏ7 IV, 2022-ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது பாடி மட்டும் ரூ. 2,42,490. நிக்கான் Z9, 2021-ல் ரூ. 4,75,995. மண்டப இருட்டுக்கு ஏற்ற லென்ஸுக்கு இன்னொரு லட்சத்துக்கு மேல். 2018-ல் நிக்கானும் கேனனும் லென்ஸ் மாட்டும் வாயையே மாற்றின. தவணை கட்டிச் சேர்த்த பழைய லென்ஸ்கள் அடாப்டர் இல்லாமல் புதிய பாடியில் உட்காரா. அரசாங்கத்தின் பார்வை எப்படி? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது டிஜிட்டல் கேமரா உச்ச அடுக்கில், 28 சதவீதத்தில் இருந்தது. 2019 ஜனவரியில்தான் 18 ஆயிற்று. ஒன்றரை வருஷம் என் பிழைப்புக் கருவி ஆடம்பரப் பொருளாக இருந்தது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்தது. எங்கள் அம்பத்தூரிலும் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. அந்த நிறுவனம் தொண்ணூறுகளில் நலிந்தது, பிறகு மூடப்பட்டது. ஆனால் படம் எடுப்பதற்கான பொருளை இங்கேயே செய்ய வேண்டும் என்று ஒரு காலத்தில் யாரோ நினைத்தார்கள். பக்கத்து ஆவடியில் அறுபதுகளிலிருந்தே டாங்கி செய்கிறோம். கேமராவுக்கு மட்டும் ஜப்பானைப் பார்த்துக் கைகட்டி நிற்கிறோம். இதை யாரும் ஒரு குறையாகக்கூட உணரவில்லை.

மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிக்குமார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் பல வருஷங்களாகப் படமெடுப்பவர். 2022-ல் தயானிதா சிங்குக்கு ஹாஸல்பிளாட் விருது கிடைத்தது. அதைத் தொடர்ந்து அவர் ‘பாரி’யோடு சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது முதலில் பழனிக்குமாருக்குப் போயிற்று. ஹாஸல்பிளாட் என்பதே பணக்காரக் கேமராவின் பெயர்தான். தயானிதா சிங்குக்குக் கண்ணின் அருமை நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும் அவர் ‘உனக்குக் கண் இருக்கிறது, போதும்’ என்று சொல்லி அனுப்பவில்லை. பணம் கொடுத்தார்.

நாம் என்ன செய்கிறோம்? நான் எடுத்த படம் ஒரு சிற்றிதழின் அட்டையில் வந்தது. காகிதக் கடைக்குப் பணம் போயிற்று, அச்சகத்துக்குப் போயிற்று. எனக்கு ஒரு பிரதிகூட வரவில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், பெயரும் இல்லை. கேட்டபோது, ‘இது வியாபாரப் பத்திரிகை இல்லையே’ என்றார்கள். வியாபாரம் வேண்டாம் என்கிற லட்சியத்துக்கான செலவை என் தவணைப் பணத்திலிருந்து பிடித்துக்கொள்வது என்ன நியாயம்? கண்ணைப் பற்றிய பேச்சு இந்த இடத்தில் நமக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. கண்ணுக்கு யாரும் கூலி தர வேண்டியதில்லை.

அடுத்த இதழுக்குப் படம் கேட்டாலும் தருவேன். ஐந்நூறு ரூபாயாவது அனுப்புங்கள். அட்டையின் உள்பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே இருந்தாலும் சரி, என் பெயரையும் போடுங்கள்.