ஊர்ப் புல்வெளியும் வேலிப் புல்வெளியும்

ஒரு விளையாட்டு எந்த மண்ணிற் பிறந்தது என்பதினும், அம்மண் யாருடையதாக இருந்தது என்பதே பெரிய வினா. கோல்ஃப் என்று உலகம் வழங்குவதும், குழிப்பந்தாட்டம் என்று நாம் தமிழிற் கூறுவதுமாகிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயரைக் கேட்ட அளவில் நம்மவர் கண்முன் தோன்றுவன யாவை? உயர்ந்த மதில்; வாயிற் காவலர்; உள்ளே பரந்து கிடக்கும் பசும்புல்; அதன்மேல் உலவும் நாலைந்து செல்வர். "அது பணக்காரர் ஆட்டம், நமக்கென்ன?" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றோம். அங்ஙனம் ஒதுக்குதல் முறையன்று. அவ்வாட்டம் வளர்ந்த புல்வெளி செல்வர் கட்டியதன்று; ஓர் ஊரின் பொதுநிலம். வேலி பின்னர் வந்தது. அவ்வேலி வந்த வரலாறு, நிலமிழந்த மக்கள் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய வரலாறு.

இசுக்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் செயிண்ட் ஆண்ட்ரூசு என்னும் சிற்றூர் உள்ளது. அதன் கழனிக்கும் கடலுக்கும் இடையே மணல்மேடுகள் நிறைந்த ஒரு வெளி. நம் திணைக்கண் கொண்டு நோக்கின், நெய்தலும் முல்லையும் மயங்கிய நிலம் எனலாம். ஏர் பூட்டி உழ உதவாத மணல். ஓயாது வீசும் உப்புக்காற்று. அதனைத் தாங்கி நிற்கும் குட்டைப்புல். மேடு என்னும் பொருள்தரும் பழஞ்சொல் ஒன்றிலிருந்து பிறந்த 'லிங்க்சு' என்னும் பெயரால் அம்மக்கள் இத்தகு நிலத்தை அழைத்தனர். ஆடும் முயலும் மேய்ந்து மேய்ந்து புல்லை மட்டமாக்கின. காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒடுங்கிய இடங்களிற் புல் தேய்ந்து மணற்குழிகள் தோன்றின என்பர். இன்று பொறியாளர் வரைபடம் வரைந்து, பெருஞ்செலவில் வெட்டும் மணற்குழிக்கு மூலம் அதுவே. அக்குழியைக் குறிக்கும் 'பங்கர்' என்பதும் பெட்டி, இருக்கை என்னும் பொருளில் அந்நாட்டு மக்கள் வீட்டில் வழங்கிய சொல்லே. ஆங்கிலத்தின் நிழலில் ஒடுங்கிய ஒரு சிறுமொழி, தன் நிலத்துச் சொற்களை அவ்வாட்டத்தின் வழியே உலகின் நாவில் ஏற்றிவிட்டது. நிலம் தம்மிடம் இருந்தமையால் அந்நிலத்தின் சொல்லும் நின்றது.

அவ்வாட்டம் ஏழை எளியாரையும் எத்துணைப் பற்றியிருந்தது என்பதற்கு அரசாணையே சான்று. மக்கள் விற்பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கின்றனர் என்று 1457இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதனைத் தடைசெய்தது. சிலரே ஆடும் ஆட்டத்துக்கு நாடு முழுமைக்குமான தடை எதற்கு? தடை நிலைக்கவில்லை, 1502இல் அரசர் நான்காம் சேம்சே வில் செய்வோனிடம் பந்தடிகோல் வாங்கினார். 1552இல் பேராயர் ஆமில்டன், செயிண்ட் ஆண்ட்ரூசு வெளியில் முயல் வளர்க்க ஊராரிடம் இசைவு பெற்றார். அப்பொழுது எழுதப்பட்ட ஆவணத்தில், அவ்வெளியில் ஆடுதற்கு ஊர்மக்களுக்குள்ள உரிமை தெளிவாக உறுதி செய்யப்பட்டுள்ளது. பேராயரும் ஊரார் உரிமைக்கு உட்பட்டே முயல் வளர்க்கலாம் என்பது அதன் பொருள்.

அங்கு முதலில் ஆடப்பட்டவை இருபத்திரண்டு குழிகள். 1764இல், குட்டையான நான்கினை இரண்டாக இணைத்தனர். போகும் வழியிலும் மீளும் வழியிலும் இவ்விணைப்புக் கணக்கிடப்பட்டமையால் இருபத்திரண்டு பதினெட்டாயிற்று. இன்று உலகெங்கும் பதினெட்டுக் குழி என்பது மாறா நெறி. அதனை எந்த அறிஞர் குழுவும் ஆய்ந்து வகுக்கவில்லை; ஓர் ஊரார் தம் நிலத்தின் அமைப்பிற்கேற்பச் செய்துகொண்ட ஒழுங்கே உலக நெறியாயிற்று.

ஆயினும் பொதுநிலம் தானாகவே நிலைத்துவிடவில்லை. 1797இல் கடனில் மூழ்கிய நகர்மன்றம் அவ்வெளியைக் கைவிட்டது. அது முயல் வணிகர் கைக்குப் போயிற்று. வணிகர்க்கு முயல் பெருகவேண்டும்; ஆடுவோர்க்குப் புல் வேண்டும். வழக்கும் கைகலப்புமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராட்டம் நடந்தது. 1821இல் சேம்சு சீப்பு என்னும் நிலக்கிழார் அவ்வெளியை வாங்கி ஆட்டத்திற்குக் காத்தளித்தார். எனினும் ஒருவரது நல்லெண்ணத்தை நம்பி ஊர் வாழ முடியாதன்றோ? 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணைகொண்டு நகர்மன்றமே அதனை மீட்டது. 1974இல் மற்றொரு சட்டத்தின்வழி அமைந்த பொறுப்பாண்மைக் குழு இன்றளவும் அதனைப் பேணி வருகின்றது.

இங்கு நுட்பமாக நோக்கத்தக்க ஒன்றுண்டு. 1754இல் அவ்வூரில் இருபத்திரண்டு பெருமக்கள் தொடங்கிய ஆட்டக் கழகம், பின்னர் அரசுப் பட்டம் பெற்று, அவ்வாட்டத்தின் நெறிமுறைகளையே வகுக்கும் அளவிற்கு உயர்ந்தது. 2014 வரையிற் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்த குறையும் அதற்கு உண்டு. ஆனால் அக்கழகத்தின் கட்டடம் எந்தப் புல்வெளியை நோக்கி நிற்கின்றதோ, அப்புல்வெளி அதற்குச் சொந்தமன்று! முதற்குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய தடங்களைக் குறுக்கே வெட்டி ஊர்வழி ஒன்று செல்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அப்பழைய வெளியில் ஆட்டமில்லை. ஊரார் குழந்தைகளுடன் அதில் உலவுவர். வெளியூரார்க்குக் கட்டணம் மிகுதிதான். எனினும் ஆடும் முறையை வேண்டுவோர்க்கு நாள்தோறும் குலுக்கல் உண்டு. மதிலின்றிப் புல் நில்லாது என்பார்க்கு இவ்வூரே விடை. நூற்றாண்டுகளாக ஊரார் காலடி பட்டும் அப்புல் சாகவில்லை.

இனி வேலிப் புல்வெளிக்கு வருவோம். அலிசுடர் மெக்கன்சி என்னும் பெயர்பெற்ற வடிவமைப்பாளர் செயிண்ட் ஆண்ட்ரூசு வெளியை அளந்து 1924இல் வரைபடம் வெளியிட்டவர். அவ்வெளியின்பாற் பெருங்காதல் கொண்ட ஆட்டக்காரர் பாபி சோன்சு. இவ்விருவரும் சேர்ந்து அமெரிக்காவில் சியார்சியா மாநிலத்து அகசுத்தா நகரில், பழைய நாற்றுத் தோட்டமொன்றில் அமைத்த ஆடுநிலம் 1933இல் முறைப்படி திறக்கப்பட்டது. அகன்ற தடம், நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு இயைந்த போக்கு என்று இசுக்காட்டு வெளியின் இயல்புகள் பல அங்கே படிந்தன. வடிவத்தைக் கொண்டுசென்றனர், உரிமையைக் கொண்டுசெல்லவில்லை. அது தனியார் கழகத்தின் மதிலுக்குள் அடைபட்டது. பல்லாண்டுகள் அங்கே கோல்சுமந்தோர் கருப்பினத்தவர். பெரும்போட்டியில் கருப்பினத்தவர் ஒருவர் முதன்முதல் ஆடியது 1975இல். உறுப்பினராக ஒருவர் ஏற்கப்பட்டது 1990இல். பெண்கள் ஏற்கப்பட்டது 2012இல். இஃது ஓரிடத்துக் குறை மட்டுமன்று. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமே, வெள்ளையரே உறுப்பினராகலாம் என்னும் விதியை 1934 முதல் 1961 வரை எழுத்தில் வைத்திருந்தது. வேலி நிலத்தை மட்டும் வளைப்பதில்லை; மனத்தையும் வளைத்துவிடுகின்றது.

அகசுத்தா முதற் கருப்பின உறுப்பினரை ஏற்ற அதே 1990இல், கனடாவின் கியூபெக்கு மாநிலத்து ஓகா என்னும் ஊரில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. தம்மொழியில் தம்மைத் 'தீக்கல் நிலத்து மக்கள்' என்று அழைத்துக்கொள்வோரும், பிறரால் மோகாக்கு எனப்படுவோருமான தொல்குடியினர் அங்கு வாழ்கின்றனர். 1717இல் பிரெஞ்சு அரசர் அந்நிலத்தைக் கிறித்தவத் துறவியர் அமைப்பொன்றற்கு வழங்கினார். அன்று தொட்டு, "நிலம் எங்களுடையது" என்று அம்மக்கள் முறையிட்டு வந்தனர். 1960ஐ ஒட்டி அங்கே ஒன்பது குழி ஆடுநிலம் எழுந்தது. அதனைப் பதினெட்டாக்க ஊராட்சியினர் திட்டமிட்டனர். அதற்கெனக் குறித்த இடம், அம்மக்கள் போற்றிய பைன் மரக்காடும், அவர்தம் முன்னோரைப் புதைத்த இடுகாட்டை ஒட்டிய நிலமுமாகும். மார்ச்சில் அவர்கள் வழிமறித்து நின்றனர். சூலை 11இல் காவற்படை தாக்கியது. காவலர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் நாட்டின் படையே வந்து சூழ்ந்தது. எழுபத்தெட்டு நாள் கழித்துச் செப்டம்பர் 26இல் முற்றுகை முடிந்தது. ஆடுநில விரிவு கைவிடப்பட்டது. ஆனால் நிலவுரிமை வழக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

எண்ணிப் பாருங்கள். செயிண்ட் ஆண்ட்ரூசில் ஊரார் தம் நிலத்தின் இயல்புக்கேற்பக் குழிகளைக் குறைத்துப் பதினெட்டாக்கினர். ஓகாவிலோ, பதினெட்டு என்னும் எண் நிரம்புதற்காக ஒரு மக்களின் இடுகாட்டு எல்லையில் மரம் வெட்ட முனைந்தனர். எண் ஒன்றே, ஆட்டமும் ஒன்றே. அங்கே நிலம் உடையவர் ஆடினர். இங்கே ஆடுவோர்க்காக நிலம் உடையவரை அகற்ற முயன்றனர். குற்றம் பந்திலும் இல்லை, கோலிலும் இல்லை, வேலியிலேயே உள்ளது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். இந்நாட்டிற்கு அவ்வாட்டம் வந்ததே வேலியோடுதான். 1829இல் வெள்ளையர் கல்கத்தாவில் தொடங்கிய கழகம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே எழுந்தவற்றுள் மிகப் பழையது. தம் ஊரில் பொதுவெளியாக இருந்ததை இங்கே ஆள்வோர் கழகமாக அவர்கள் கொணர்ந்தனர். ஆள்வோர் மாறினர், வேலிகள் மாறின என்று சொல்ல இயலுமா?

நம் ஊர்களிலும் மந்தைவெளி இருந்தது. மேய்ச்சல் நிலம் இருந்தது. இளைஞர் சடுகுடு ஆடிய ஆற்றுமணல் இருந்தது. சென்னையில் மந்தைவெளி என்னும் பெயர் நிற்கின்றது. மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. இவற்றினும் வருந்தத்தக்கது ஒரு சொல்லின் வீழ்ச்சி. 'புறம்போக்கு' என்பது தனியொருவர்க்குரியதாகாமல், வரிக்கணக்கிற்குப் புறம்பாக விடப்பட்ட நிலத்தின் பெயர். ஊரின் ஆடுமாடும், ஏரிக்கரையும், களமும், சுடுகாடும் அதனுள் அடங்கின. அச்சொல்லை இன்று நாம் எதற்கு வழங்குகின்றோம்? ஒருவரை இகழ்ந்து வைவதற்கு! யாருக்கும் உரிமையில்லாதது, ஆகவே மதிப்பில்லாதது என்று நாம் எண்ணத் தொடங்கிய நாளில், வளைப்போர்க்கு வழி திறந்துவிட்டோம். எல்லார்க்கும் உரியது என்பதற்கும் எவர்க்கும் உரியதன்று என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இசுக்காட்டுச் சிற்றூரார் அறிந்திருந்தனர். அதனாற்றான் வழக்காடினர், விலை கொடுத்தனர், சட்டம் செய்து மீட்டனர்.

ஒவ்வோர் ஊரிலும் எஞ்சியுள்ள பொதுநிலம் எது, அதன் அளவென்ன, அதன் பெயரென்ன என்று இளைஞர் கேட்டறிதல் வேண்டும். ஊராட்சிப் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். கிராமப் பொதுக்கூட்டத்தில் எழுந்து வினவுதல் வேண்டும். பெயரை அறிந்தவனே நிலத்தைக் கேட்பான். நிலத்தைக் காத்தவர் ஆட்டத்தையும் காத்தனர். அந்நிலத்தின் சொல்லையும் காத்தனர்.