ரதி அழுதால் போதாது: ஊவா ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

ஊவா மாகாணத்தின் கௌரவ ஆளுநர் அவர்களுக்கு,

2014க்குப் பிறகு ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. சபை இல்லாததால் மாகாணத்தின் கல்வியும் கலாசாரமும் இன்று உங்கள் கையில் இருக்கின்றன. அதனால் எங்கள் மலையகத் தோட்டங்களின் காமன் கூத்தைப் பற்றி உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

மாசி மாதம் மூன்றாம் பிறை கண்டதும் தோட்டங்களில் காமன் கம்பு நடுவார்கள். வேசம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பகலெல்லாம் மலையில் வேலை செய்துவிட்டு, இருட்டியதும் தப்பு மேளத்தைக் காய்ச்சி அடிக்கத் தொடங்கினால் ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிப் போவார்கள். கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். மன்மதன் எரிவான்.

மன்மதன் யார் என்று பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைக்கும் ஆசை அவனுக்கு இல்லை. தேவர்கள் ஏவுகிறார்கள், அவன் போகிறான். கெட்ட கனவு கண்ட மனைவி ரதி வழிமறித்துத் தடுக்கிறாள். உத்தரவு மேலிடத்து உத்தரவு என்பதால் அவனால் மறுக்க முடியவில்லை. கரும்பு வில்லும் மலர்க்கணையும் வைத்திருக்கும் இந்த அழகன், எங்கள் சனத்தின் கண்ணுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆள்தான். ஏவியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, போனவன் சாம்பலானான்.

இந்தக் கூத்தின் உயிர் ரதியிடம் இருக்கிறது. பெரும்பாலும் ஆண்கள்தான் அந்த வேசத்தைக் கட்டுகிறார்கள். மன்மதன் எரிந்ததும் நல்ல ரதி உடனே அழுதுவிட மாட்டார். தப்பு ஓயும்வரை அசையாமல் நிற்பார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சிவன் இருக்கும் பக்கம் திரும்புவார். ஏவியவர்களை விட்டுவிட்டு ஏவப்பட்டவனை எரித்தது எந்த நியாயம் என்று அந்தக் கடவுளையே கேட்பார். அழுகை அதற்குப் பிறகுதான் வரும். இந்த வரிசையை மாற்றிவிட்டால் பாத்திரமே விழுந்துவிடும். மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் தீர்ப்புச் சொல்வார்கள்: "நல்லாத்தான் அழுதான், ஆனா கேக்கலயே." நான் படித்த நாடக விமர்சனங்களில் இவ்வளவு கூர்மையான ஒரு வரி குறைவு.

அந்தப் பெண்கள் இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கவனிக்கிறார்கள்? 1948இல் எங்கள் மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகள் எழுதிக்கொண்டன. அவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களோடு கூத்துத் தெரிந்தவர்களும் போனார்கள். வாக்கும் இல்லாமல், மனுக் கொடுக்க வாசலும் இல்லாமல் இருந்த காலத்தில், எங்கள் பாட்டிமார் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெண், கடவுளை எதிர்த்து நியாயம் கேட்பதைப் பார்த்தார்கள். அவள் கேட்டு, கணவனின் உயிரையும் மீட்டாள். இந்தக் கூத்தைத் தோட்டத்து மக்கள் கைவிடாததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

திரையில் எங்களுக்கு இந்த மரியாதை கிடைப்பது அரிது. 1975இல் எங்கள் வாழ்வைச் சொன்ன 'புதிய காற்று' படம் வந்தது. பதுளைத் தோட்டங்களிலிருந்து எழுத வந்த தெளிவத்தை ஜோசப் அதன் கதையை எழுதினார், தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் நாயகனாக நடித்தார். அதற்குப் பின் தொலைக்காட்சியில் நான் பார்த்த தோட்டத்துப் பாத்திரங்கள் பெரும்பாலும் இரண்டே வகை: கண்ணைக் கசக்கும் தாய், குடித்துவிட்டு விழும் தகப்பன். இருவருக்கும் கேள்வி கேட்கும் வசனம் கிடையாது. ரதியைப் பார்த்து வளர்ந்த ஊரில் இப்படி எழுதுவது சோம்பேறித்தனம்.

கிராமத்துக் கூத்தை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. பேராசிரியர் சரச்சந்திர சிங்களக் கிராமத்துக் கூத்தான நாடகமவிலிருந்து 1956இல் 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செப்பனிட்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மௌனகுரு ஒரு தலைமுறைக்கே ஆசானானார். 2018இல் எங்கள் நாட்டு ரூகட பொம்மலாட்டம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எனக்குத் தெரிந்தவரை காமன் கூத்துக்கு இப்படி ஒரு கை இன்னும் நீளவில்லை. மேடையில் நான் அதைப் பார்த்தது ஒரு பாடசாலையில், பத்து நிமிடத் துண்டாக: மன்மதன் எரிந்தான், திரை விழுந்தது, ரதி வாயே திறக்கவில்லை. கேள்வியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் தீ.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, வரும் மாசியில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் நடக்கும் கூத்துகளை விடிய விடிய முழுமையாகப் பதிவு செய்யுங்கள். கூத்து வாத்தியார்களில் பலர் முதியவர்கள். பாட்டுகளில் பல அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, 'நாடகமும் அரங்கியலும்' கற்பிக்கும் ஊவாத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இந்த வாத்தியார்களையும் தப்புக் கலைஞர்களையும் சம்பளம் கொடுத்து அழையுங்கள். தப்படிக்கிறவரை வாசலோடு நிறுத்தும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. பாடசாலை அவரை ஆசிரியராக உள்ளே அழைத்தால் அந்தப் பழக்கத்துக்கும் முடிவு வரும்.

மூன்றாவது, கூத்தின் கடைசி இரவுக்கு மறுநாள், வேசம் கட்டியவர்களுக்கும் தப்படித்தவர்களுக்கும் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) போடும்படி தோட்டக் கம்பனிகளோடு பேசுங்கள். இரவெல்லாம் ஆடியவர் காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடுகிறது. வளரும் பிள்ளைகள் வேசம் கட்டத் தயங்குவதற்கு அது பெரிய காரணம்.

இதற்குப் பெரிய கட்டடமோ புதிய திணைக்களமோ வேண்டாம். உங்கள் கல்விச் செயலாளரும் கலாசார அதிகாரிகளும் தோட்ட முகாமையாளர்களும் ஒரே மேசையில் ஒரு நாள் அமர்ந்தால் போதும். மாசி பிறப்பதற்குள் அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள். கூத்து வாத்தியார்களையும் அங்கே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பதுளைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒரு கூத்து ரசிகர்