லோகியும் ஒரு தறியும்

மொதல்லயே சொல்லிர்றேன், முடிவு வரைக்கும் எழுதப் போறேன். 'லோகி' பாக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிருங்க :-)

மாற்று உலகக் கதைகள்ல எனக்கு ஒரு கடுப்பு உண்டு. ஒருத்தர் செத்தா, வேற உலகத்துல இருந்து இன்னொரு காப்பியைக் கூட்டிட்டு வந்துரலாம். அப்புறம் சாவுக்கு என்ன மதிப்பு? நம்ம '12பி'யில (2001) பஸ்ஸைப் பிடிச்ச ஷாம், விட்ட ஷாம்னு ரெண்டே வாழ்க்கை. மார்வெல்ல கணக்கே கிடையாது. 2018-ல 'இன்ஃபினிட்டி வார்'ல லோகியை தானோஸ் கொன்னாச்சு. 2021-ல தொடருக்கு வந்தது தப்பிச்சுப் போன இன்னொரு லோகி!

ஆனா 2023-ல வந்த ரெண்டாவது சீசன் என் கடுப்பைத் தீத்துருச்சு. அதுல காலத்தை நெய்யுற தறி ஒண்ணு. கிளைகள் பெருகப் பெருக அது தாங்கல. லோகி நூற்றாண்டுக் கணக்கா இயற்பியல் படிச்சு கெப்பாசிட்டியைக் கூட்டுறார். ம்ஹூம்! கடைசியிலதான் தெரியுது, லோடு மீறினா மத்த உலகத்தையெல்லாம் அழிச்சு ஒண்ணை மட்டும் காப்பாத்துறதுதான் அந்தத் தறியோட வேலையே.

செல்லூர்க்காரன் இதை ஒத்துக்குவானா? எங்க ஊர்ல பாவு இழை அறுந்தா, தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுத்தான் மேல நெய்வாங்க. லோகியும் தறியை உடைச்சுட்டு, செத்துக்கிட்டிருந்த இழைகளைக் கையில அள்ளிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துர்றார். தனிமைக்குப் பயந்த ஆளு, நண்பர்கள் வாழணும்னு காலத்துக்கும் தனியா!

'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' நடிகர் பட்டியல்ல 2025-ல டாம் ஹிடில்ஸ்டன் பேரையும் அறிவிச்சாங்க. வரட்டும், சந்தோஷம். ஆனா அந்த நாற்காலியில இருந்து அவரைச் சும்மா எந்திரிக்க வச்சுராதீங்கய்யா. அவர் குடுத்த விலைதான் கதையே.