ரன்னிங் டோட்டலுக்கு ஒரு கண்டிஷன் போடுங்க, ஜூலையில் புலம்ப வேண்டாம்

ஜூலையில் ரிட்டர்ன் ஃபைல் பண்ண உட்காரும்போதுதான் பலரும் கேட்பாங்க: "ஃபண்டு வித்ததுக்கு டாக்ஸ் இவ்ளோ வருதே, ஏதாவது பண்ண முடியுமா?" மார்ச் 31-க்கு முன்னாடி கேட்டிருந்தா பண்ணியிருக்கலாம். வருஷ மொத்தம் நடந்து முடிஞ்சதைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது, ஒவ்வொரு விற்பனைக்கும் அப்புறம் "இதுவரைக்கும் எவ்வளவு?"ன்னு சொல்ற ரன்னிங் டோட்டல். அதுவும் கண்டிஷனோட.

ஏன் கண்டிஷன்? பங்குகள், ஈக்விட்டி ஃபண்டுகளை ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா, அந்த லாங் டேர்ம் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதுக்கு மேல 12.5%. மிச்சமான லிமிட் அடுத்த வருஷத்துக்குப் போகாது. அதனால நம்ம கூட்டலும் லாங் டேர்மை மட்டும் எடுக்கணும், ஏப்ரல் 1-ல் பூஜ்யத்துக்கு வரணும்.

ஒரு உதாரணம். ஏப்ரலில் லாங் டேர்ம் லாபம் 40,000. ஆகஸ்டில் 55,000. நவம்பரில் ஷார்ட் டேர்ம் லாபம் 30,000. ஜனவரியில் மறுபடி லாங் டேர்ம் 20,000. எல்லாத்தையும் கூட்டினா 1,45,000. லிமிட் தாண்டியாச்சுன்னு பயந்துடுவோம். கண்டிஷன் போட்டா 1,15,000. இன்னும் 10,000 பாக்கி இருக்கு.

இப்போ 90,000 லாபத்தில் இருக்கிற இன்னொரு பழைய ஃபண்டை விக்கணும். மொத்தமும் மார்ச்சில் வித்தா 80,000-க்கு வரி, செஸ் சேர்த்து 10,400 ரூபாய். 10,000 லாபம் வர்ற அளவுக்கு மட்டும் மார்ச்சில் வித்து, மீதியை ஏப்ரலில் வித்தா இந்த வருஷம் வரி பூஜ்யம். 80,000 அடுத்த வருஷ லிமிட்டில் கழியும். நடுவில் மார்க்கெட் இறங்கலாம், அந்த ரிஸ்க் உங்களோடது. ஆனா முடிவு எடுக்கிற வாய்ப்பாவது கையில இருக்கு.

எக்செல்லில் பவர் குவெரியில் இதைச் செய்யும் வழி:

1. ஸ்டேட்மெண்ட்டை உள்ளே எடுத்து, ஈக்விட்டி லாங் டேர்ம் வரிகளை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. நஷ்ட வரிகளை நீக்காதீங்க, மைனஸாவே இருக்கட்டும்.
2. நிதியாண்டுக்கு ஒரு காலம். மாசம் 4 அல்லது அதுக்கு மேலன்னா அதே வருஷம், இல்லன்னா முந்தின வருஷம்.
3. நிதியாண்டு வாரியா குரூப் பை, அதில் "ஆல் ரோஸ்".
4. ஒவ்வொரு குரூப்புக்குள்ளேயும் விற்ற தேதிப்படி சார்ட் பண்ணி, 1-ல் தொடங்கும் இண்டெக்ஸ் சேருங்க.
5. லிஸ்ட்.ஃபர்ஸ்ட்என் அந்த இண்டெக்ஸ் வரைக்கும் உள்ள லாபங்களை எடுக்கும், லிஸ்ட்.சம் கூட்டும். அப்புறம் எக்ஸ்பேண்ட்.

பலர் தப்பு பண்றது நாலாவது படியில்தான். குரூப் பண்றதுக்கு முன்னாடியே இண்டெக்ஸ் போட்டா, ரெண்டாவது வருஷம் 1-ல் தொடங்காது. கணக்கு மொத்தமும் தப்பாயிடும்.

"சம்இஃப்ஸ் போட்டாலே வந்துடுமே?" வரும். இருபது வரி, ஒரே புரோக்கர்னா அதுவே போதும், இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஆனா ரெண்டு புரோக்கர், மூணு ஃபண்டு ஆப்னு இருந்தா, மாசாமாசம் புது வரிகளை ஒட்டிட்டு ஃபார்முலாவை இழுக்க மறந்துடுவோம். பவர் குவெரியில் ஒரு தடவை செட் பண்ணிட்டா, அப்புறம் ரெஃப்ரெஷ் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. எஸ்ஐபி-யில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வருஷக் கணக்கு தனித்தனி. முதலில் வாங்கின யூனிட்தான் முதலில் விற்றதா கணக்காகும். அதனால லாங் டேர்மா இல்லையான்னு ஃபண்டு பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, வாங்கின தேதியைப் பாருங்க. ஷார்ட் டேர்ம் நஷ்டம் இருந்தா அதோட செட்-ஆஃபையும் தனியா பார்த்துக்குங்க.

ஜனவரி சம்பளம் வந்ததும் அந்தக் கடைசி வரியை ஒரு தடவை பாருங்க. அப்போ இன்னும் ரெண்டு மாசம் கையில இருக்கும். ஜூலையில் நான் என்ன பண்ணாலும் அந்த ரெண்டு மாசத்தைத் திருப்பித் தர முடியாது.