ஓட்டாத நோட்புக்கை ஏத்தாதீங்க சாமி!

ஹ்யூகோ, பெலிகன்னு எதுல தளம் கட்டினாலும் "ஜுபிடர் நோட்புக்கும் சேர்த்தாச்சு"ன்னு ஒரே பெருமை. உள்ளே பார்த்தா? நோட்புக்ங்கறது வெறும் ஜேசன் கோப்பு. நிரலும் இருக்கும், என்னைக்கோ ஓட்டின விடையும் இருக்கும். அந்தப் பழைய விடையை அப்படியே எச்டிஎம்எல் ஆக்கிடறாங்க.

மூணாவது செல்லை ஓட்டிட்டு, முதல் செல்லை மாத்தி, திரும்ப ஓட்டாம சேமிச்சா? நிரல் ஒண்ணு சொல்லும், படம் வேற சொல்லும். படிக்கிறவன் தப்பு தன்மேலதான்னு ராத்திரி முழுக்க முழிப்பான். நானும் முழிச்சிருக்கேன்!

என்பிகன்வர்ட்ல 'எக்ஸிக்யூட்'னு ஒரு ஆப்ஷன் இருக்கே. மேலேருந்து கீழே புதுசா ஓட்டும், பிழை வந்தா நின்னுடும். தளம் கட்டறப்பவே அதைப் போடுங்க. நேரமாகுமா? ஆகட்டும்!

ஜுபிடர்லைட் வெச்சு உலாவியிலேயே ஓட்டிக் காட்டுற வித்தையெல்லாம் அப்புறம். முதல்ல காட்டுற விடை உண்மையா இருக்கட்டும்.