மூச்சுப் பயிற்சியா, ஆள் நியமனமா?

பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களின் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு மனச்சோர்வாம், வேலைத்திறன் குறைகிறதாம்! நிர்வாகங்கள் தரும் மருந்து என்ன? ஒரு நாள் சொற்பொழிவு, அரை மணி மூச்சுப் பயிற்சி, கடைசியில் தேநீரும் பிஸ்கோத்தும்.

இந்த ஊழியர் யார்? மாணவர்கள் வருமுன்பே வந்து அமிலத்தை அளந்து கரைசல் தயாரித்து வைப்பவர். காஸ் சிலிண்டரைக் கவனிப்பவர். பழுதான மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்பவர். எல்லோரும் போனபின் குடுவைகளைக் கழுவிவைத்துப் பூட்டிச் செல்பவர். பக்கத்து ஊழியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். அந்த வேலையும் இவர் தலையில்தான். பிறகு ஒரு பிழை நேர்ந்தால் மெமோ! மில் தொழிலாளிக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. ஆளைக் குறைத்துத் தறியைக் கூட்டும் வித்தையை எதிர்த்துத்தான் 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வித்தை இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

சோர்வு என்பது மனம் பலவீனமானவர்களின் கோளாறு என்கிறார்கள். பொய்! லண்டனில் 1967-ல் தொடங்கி, சுமார் 18,000 ஆண் சர்க்கார் ஊழியர்களை டாக்டர்கள் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். பெரிய அதிகாரிக்குத்தானே பொறுப்பு அதிகம், அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது ஊர் நம்பிக்கை. கணக்கோ வேறு சொன்னது. கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் மடிந்த விகிதம், உச்சி அதிகாரிகளைப்போல் சுமார் மூன்று மடங்கு! புகைப் பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் தீரவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு முக்கியமான ஒரு காரணத்தைக் காட்டியது: தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கே அதிகாரம் இல்லாமை.

நம் ஆய்வுக்கூட ஊழியரிடம், எந்தக் கருவி வாங்கலாம், எத்தனை வகுப்புக்குத் தயாரிக்க முடியும் என்று யார் கேட்கிறார்கள்? கருவி நின்றுபோனால் மட்டும் கூப்பிடுகிறார்கள்.

காண்ட்ராக்ட் ஊழியரின் கதி இன்னும் மோசம். ஒப்பந்தம் முடியும் தேதியை எண்ணிக்கொண்டு படுப்பவருக்கு எந்த மூச்சுப் பயிற்சி தூக்கம் தரும்? நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை பொருந்தும் என்று 2016-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. படித்தவர்கள் நடத்தும் ஸ்தாபனங்களுக்கு அதைப் படிக்க நேரமில்லை போலும்!

நாம் கேட்பது இதுதான்: காலியிடங்களை நிரப்புங்கள். தற்காலிக ஊழியருக்குத் தீர்ப்பின்படி சம்பளம் கொடுங்கள். வேலை அட்டவணை போடும்போது அந்த ஊழியர்களின் பிரதிநிதியையும் உட்காரவையுங்கள். மூச்சுப் பயிற்சி வேண்டுமா என்பதையும் அங்கேயே அவர்களிடம் கேளுங்கள்.